அதே ஒயர்தான், கேள்வி வேறு

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. மகளுக்கு நான்கு வயது. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயதில் பெரா டெஸ்ட் எடுத்துத்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் என்ற காதுக் கருவியை ஆபரேஷன் செய்து வைத்தார்கள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். பிரச்சினை பையனுக்கு. வகுப்பில் கவனிப்பதில்லை, சொன்ன வேலையைச் செய்வதில்லை, கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை என்று டீச்சர் சொல்கிறார். ஒரு தனியார் மையத்தில் தலையில் ஒயர் மாட்டி 'பி300' என்று ஒரு டெஸ்ட் எடுத்தோம். 'லேட்டன்சி 368, தாமதம். ஆம்பிளிட்யூட் குறைவு. ஏடிஎச்டி உறுதி' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஏடிஎச்டி என்றால் கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும் உள்ள நிலையாம். நியூரோஃபீட்பேக் 40 சிட்டிங் போகச் சொல்கிறார்கள். ஒரு சிட்டிங் 1,200 ரூபாய். பாப்பாவுக்கு ஒயர் டெஸ்ட் தப்பாகச் சொல்லவில்லையே, இதையும் நம்பலாம்தானே டாக்டர்? நகையை வைத்துப் பணம் கட்டிவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எங்களுடையது சொந்தத்தில் நடந்த கல்யாணம், கணவர் அத்தை மகன்.
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: வணக்கம் அம்மா. நகையை வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

பாப்பாவுக்குச் சரியாகச் சொன்ன ஒயர் டெஸ்ட் பையனுக்கு மட்டும் எப்படித் தப்பாகச் சொல்லும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நரம்பியல் மருத்துவனாக இருபது வருடத்துக்கு மேல் இந்த ஒயர்களோடு புழங்குகிறவன் நான். அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

இரண்டு டெஸ்டும் ஒரே குடும்பம்தான். காதில் ஒரு சத்தம் விழுந்தாலோ கண்ணில் ஒரு வெளிச்சம் பட்டாலோ மூளையில் அதற்கென்று ஒரு சின்ன மின் அலை எழும்புகிறது. தலையில் பசை வைத்து ஒட்டும் அந்தச் சின்ன வட்டுகள் இதைத்தான் பிடிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மூளை எந்நேரமும் தன் பாட்டுக்குப் பத்து இருபது மைக்ரோவோல்ட் அளவில் சலசலத்துக்கொண்டே இருக்கும். நாம் தேடும் அலை அதைவிடச் சிறியது. சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் மெதுவாக 'ம்' கொட்டுவதைக் கேட்க முயல்வதுபோல.

இதற்கு வழி கண்டவர் லண்டனில் ஜார்ஜ் டாசன். 1947-இல் ஒரு வலிப்பு நோயாளியின் கை நரம்பைத் தூண்டி, மூளை பதில் சொல்லும் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். 1951-இல் அதையே கூட்டிச் சராசரி எடுக்கும் இயந்திரமாகச் செய்தார். யோசனை எளிதானது. கேள்வி கேட்டதும் அந்த 'ம்' எப்போதும் அதே நொடியில்தான் வரும். சந்தை இரைச்சலோ ஒவ்வொரு தடவையும் ஒரு மாதிரி ஏறி இறங்கும். நூறு தடவை கேட்டுக் கூட்டினால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பத்தில் ஒரு பங்காகக் குறையும், 'ம்' அப்படியே நிற்கும். 1,600 தடவை என்றால் நாற்பதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ரிப்போர்ட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

பாப்பாவுக்கு என்ன நடந்தது என்று நினைவிருக்கும். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர். காதில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு விநாடிக்கு இருபது முப்பது தடவை சத்தம். ஒவ்வொரு சத்த அளவிலும் ஏறக்குறைய 2,000 தடவை. காது நரம்பிலிருந்து மூளைத் தண்டு வழியாகச் சத்தம் ஏறும்போது முதல் பத்து மில்லி விநாடிக்குள் வரிசையாக அலைகள் வரும். ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது, ஆனால் 2,000 தடவை கூட்டியதில் சுத்தமாகத் தெரியும். ஜூயட், வில்லிஸ்டன் என்ற இருவர் 1971-இல் இதை விரிவாக விவரித்தார்கள். ஐந்தாவது அலை எவ்வளவு மெல்லிய சத்தம் வரை தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்தே எங்கள் ஆடியாலஜிஸ்டுகள் முடிவு சொல்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, குழந்தை தூங்கலாம் என்பது. சொல்லப்போனால் தூங்கினால்தான் நல்லது. அவள் விருப்பம், மூடு, பயம், பசி எதுவும் இதில் நுழைவதில்லை. பெரா கேட்பது ஒரே கேள்வி: சத்தம் மூளைத் தண்டு வரை வந்து சேர்ந்ததா? வந்தது, வரவில்லை, இவ்வளவு சத்தம் போட்டால் வந்தது. அவ்வளவுதான். அதனால்தான் அதை நம்பி ஒரு குழந்தைக்கு ஆபரேஷன் வரை போகிறோம். அதற்கும்கூடப் பெரா ஒன்றை மட்டும் வைத்து யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஓஏஇ என்ற உள்காது டெஸ்ட், ஸ்கேன், ஹியரிங் எய்ட் போட்டுப் பார்த்தது எல்லாம் சேர்ந்துதானே முடிவானது?

பாப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளையின் காது பகுதியிலிருந்து வரும் பி1 என்ற ஓர் அலை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது மிகத் தாமதமாக வரும். கேட்கக் கேட்க, வளர வளர, சீக்கிரம் வரும். அமெரிக்காவில் அனு சர்மா என்பவரின் குழு இம்பிளான்ட் வைத்த பிள்ளைகளுக்கு இதை அளந்து 2002-இல் வெளியிட்டது. மூன்றரை வயதுக்குள் கருவி வைத்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில மாதங்களிலேயே பி1 வயதுக்கேற்ற இடத்துக்கு வந்துவிட்டது. ஏழு வயது தாண்டி வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. சீக்கிரம் வையுங்கள், சீக்கிரம் வையுங்கள் என்று டாக்டர்கள் அன்று உங்களை விரட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் இருந்தவற்றில் இந்த அலையும் ஒன்று. சிகிச்சை வேலை செய்கிறதா என்று மூளையையே கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, பையனுடைய பி300-க்கு வருவோம்.

1965-இல் நியூயார்க்கில் சாமுவேல் சட்டனும் கூட்டாளிகளும் கண்டது இது. அடுத்து வரப்போவது சத்தமா வெளிச்சமா என்று தெரியாமல் ஒருவர் காத்திருக்கிறார். வந்ததும், ஏறக்குறைய 300 மில்லி விநாடி கழித்து உச்சந்தலையில் ஒரு பெரிய அலை. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருடம் கழித்து அவர்களே இன்னொன்றும் காட்டினார்கள். வர வேண்டிய சத்தம் வராமல் போனாலும் இந்த அலை வருகிறது. காதில் எதுவுமே விழவில்லை, ஆனாலும் மூளை 'அட' என்கிறது. ஆகவே பி300 என்பது காதின் கதையே கிடையாது. எதிர்பார்த்தது நடந்ததா, அது நமக்கு முக்கியமா என்று மனம் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் தூக்கம், பசி, சலிப்பு, பயம், டெஸ்ட் எடுக்கும் அக்காவைப் பிடித்ததா இல்லையா என்பதுவரை எல்லாம் நுழையும்.

பெரா கேட்டது 'வந்து சேர்ந்ததா?' என்று. பி300 கேட்பது 'வந்ததை வைத்து நீ என்ன செய்தாய்?' என்று. முதல் கேள்விக்கு உடம்பு பதில் சொல்லும். இரண்டாவதுக்கு ஆள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த வித்தியாசம் புரியாமல் நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. மறதி நோயில் பி300 தாமதமாகிறது என்று 1978-லேயே கட்டுரை வந்துவிட்டது, நான் அதைப் படித்த உற்சாகத்தில் இருந்தேன். மறதி என்று ஒரு பெரியவரை அனுப்பியிருந்தார்கள், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஹெட்ஃபோனை மாட்டி, அடிக்கடி வரும் 'டூ' சத்தத்தை விட்டுவிட்டு எப்போதாவது வரும் 'டீ' சத்தத்தை மட்டும் எண்ணச் சொன்னேன். அலை தட்டையாக, தாமதமாக வந்தது. 'சிந்தனை வேகம் குறைந்துள்ளது' என்று கையெழுத்துப் போட்டேன். வாசலில் அவர் மகள், "அப்பா, காது மெஷினை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தாள். வயதானவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற சத்தம்தான். நான் எண்ணச் சொன்ன 'டீ' அவருக்குச் சரியாகக் கேட்கவே இல்லை! ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே, "கேள்வித்தாள் அச்சாகலைன்னா பதில் எப்படி வரும் தம்பி?" என்றார்.

இப்போது உங்கள் ரிப்போர்ட். 368 மில்லி விநாடி, தாமதம் என்று எழுதியிருக்கிறார்கள். பெயரில் 300 இருப்பதால் 300-ஐத் தாண்டினால் தாமதம் என்று யாரோ நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. இந்த அலை சிறுவயதில் மெதுவாகத்தான் வரும், வளர வளரச் சீக்கிரமாகும், இளைஞர்களிடம் மிகச் சீக்கிரம், அப்புறம் வயதாக ஆக மறுபடி பின்னால் போகும். எட்டு வயதில் 350-ஐத் தாண்டுவது சாதாரணம். பெரியவர்களின் அளவுகோலை வைத்துப் பிள்ளையை அளந்தால் ஊரில் உள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாமதம்தான்.

அடுத்தது, ஆம்பிளிட்யூட் குறைவு, அதாவது அலையின் உயரம் குறைவு. முன்பு சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. இந்த டெஸ்டில் வழக்கமாக 200 சத்தம் போட்டால் அதில் எண்ண வேண்டிய 'டீ' 40 இருக்கும். எட்டு வயதுப் பையன் கண்ணைச் சிமிட்டாமல் இருப்பானா? ஒரு சிமிட்டல் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டும், அந்தத் தடவையை அப்படியே தூக்கி எறிய வேண்டும். பாதியில் அவனுக்குப் போரடித்து எண்ணுவதை விட்டிருப்பான், அதுவும் போச்சு. கடைசியில் ஒழுங்காக 16 தேறியது என்று வையுங்கள். இருபது மைக்ரோவோல்ட் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகி ஐந்தில் நிற்கும். நாம் தேடும் அலையே பத்துப் பன்னிரண்டு மைக்ரோவோல்ட்தான். அப்படிப்பட்ட படத்தில் எந்த மேட்டை அலை என்று எடுப்பது, எதை இரைச்சல் என்று விடுவது? கர்சரை எங்கே வைக்கிறோமோ அதுதான் ரிசல்ட். அதனால் ஒரே டெஸ்டை இரண்டு தடவை ஓட்டி, இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறதா என்று பார்க்காமல் நாங்கள் வாயைத் திறப்பதில்லை. பெராவிலும் இதே விதிதான். பாப்பாவின் பழைய தாளை எடுத்துப் பாருங்கள், கோடுகள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்து, அலை நிஜமாகவே சிறியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'ஏடிஎச்டி உறுதி' என்று எழுத முடியாது. அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏடிஎச்டி பிள்ளைகள் ஐம்பது பேரையும் மற்றப் பிள்ளைகள் ஐம்பது பேரையும் சராசரி எடுத்தால் வித்தியாசம் தெரியும், உண்மை. ஆனால் இரண்டு கூட்டமும் பெருமளவு ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். தனி ஒரு பையனை எந்தக் கூட்டத்தில் நிறுத்துவது என்று அலையால் சொல்ல முடியாது. ஸ்கிஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயில் இதே அலை சிறுக்கிறது, மனச்சோர்வில் சிறுக்கிறது, மறதி நோயில் சிறுக்கிறது. ஹென்றி பெக்லைட்டர் குழு 1984-இல் காட்டியதுபோல, தந்தைக்குக் குடிப்பழக்க நோய் இருந்தால், ஒரு சொட்டுகூடத் தொட்டிராத மகன்களிடமும் சிறுத்திருக்கிறது. காய்ச்சல் பல நோய்களிலும் வருவதுபோலத்தான் இது. தெர்மாமீட்டரைப் பார்த்து 'டைஃபாய்டு உறுதி' என்று எழுதுவோமா?

இந்த அலைமீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைப்பது புதிதும் இல்லை. நம் நாட்டில் இதே பி300-ஐ வைத்துச் சந்தேக நபர்களின் மூளையில் குற்றம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார்கள். செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், ஆளின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனையெல்லாம் செய்யக் கூடாது என்று சொன்ன பிறகுதான் அந்த வேகம் தணிந்தது.

இதைச் சொல்வதால் மூளை அலையை அளக்கும் இந்த ஒயர் டெஸ்டுகளே உதவாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரடைப்பில் இதயம் நின்று மீண்டவர் நினைவில்லாமல் கிடக்கும்போது, கை நரம்பைத் தூண்டி மூளையில் என்20 என்ற அலை இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்ப்பது ஐசியூவில் நாங்கள் பெரிதும் மதிக்கும் டெஸ்ட். கண் நரம்பு அழற்சியில் பார்வை திரும்பிய பிறகும் பி100 என்ற பார்வை அலை தாமதமாகவே இருந்து காட்டிக்கொடுக்கும். உடம்பு அசையாத நோயாளிகள் பி300-ஐ வைத்தே திரையில் எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்துப் பேச ஒரு முறையை 1988-இல் ஃபார்வெல், டான்சின் இருவரும் செய்து காட்டினார்கள். கேள்வி துல்லியமாக இருந்தால் பதிலும் துல்லியம்.

நியூரோஃபீட்பேக்: 40 சிட்டிங், ரூபாய் 48,000. பிள்ளையின் மூளை அலையைத் திரையில் விளையாட்டாகக் காட்டி, அதை மாற்றப் பழக்குவது. ஊசி இல்லை, மருந்து இல்லை என்பதால் பெற்றோருக்குப் பிடித்துவிடுகிறது. அமெரிக்காவில் இதற்கு ஒரு பரிசோதனை நடத்தி 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு அவரவர் அலை, மற்றவர்களுக்கு வேறொரு பிள்ளையின் பதிவிலிருந்து எடுத்த அலை. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி தருபவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாரம் மூன்று நாள் ஒருவர் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்ந்தால் நல்லது நடக்கத்தான் செய்யும், அதற்கு இவ்வளவு விலை வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி. 'கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை.' தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. சொந்தத்தில் கல்யாணம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், கவனத்தை அளப்பதற்கு முன்னால் காதை அளந்திருக்க வேண்டாமா? நீங்கள் எழுதியதில் எங்கேயும் அவனுக்கு ஆடியோமெட்ரி என்ற காது டெஸ்ட் எடுத்ததாக இல்லை. மையத்திலும் எடுக்காமல்தான் ஹெட்ஃபோனை மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. என் கணக்கு வாத்தியார் கதைதான்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. அவன் பேசுகிறான், மூன்றாம் வகுப்பு வரை வந்திருக்கிறான், ஆகவே பாப்பாவுக்கு இருந்த அளவுக்கு இருக்காது. ஆனால் பரம்பரைக் காரணம் அப்பா அம்மா இருவரிடமும் மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சிலருக்கு அது லேசாக இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் வளர்ந்த பிறகு தலைகாட்டும். அல்லது பரம்பரையே இல்லாமல், சளி பிடித்துப் பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், இந்த வயதில் ரொம்ப சகஜம். இரவில் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா என்று பாருங்கள். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருந்தால் காதையும் அடைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும், பகலில் பிள்ளை அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும். டிவி சத்தத்தை ஏற்றுகிறானா? போனை எப்போதும் ஒரே காதில்தான் வைக்கிறானா? டீச்சர் போர்டைப் பார்த்துத் திரும்பி நின்று சொல்லும்போது மட்டும் தவறவிடுகிறானா? வகுப்பில் எந்த பெஞ்ச், மேலே ஃபேன் எவ்வளவு இரைகிறது? இதை நீங்களும் டீச்சரும் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். பேசிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது பத்து விநாடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறானா? அது ஒரு நாளைக்குப் பல தடவை நடந்தால் 'ஆப்சன்ஸ்' என்ற வகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு பி300 வேண்டாம், இஇஜி என்ற சாதாரண மூளை அலைப் பதிவு போதும். எங்கள் லேபில் பிள்ளைகளிடம் காகிதக் காத்தாடி ஒன்றைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதிக்கொண்டே இருக்கச் சொல்வோம். இருந்தால் பெரும்பாலும் அந்த ஊதலிலேயே விநாடிக்கு மூன்று என்று அலை துள்ளிக்கொண்டு வந்துவிடும். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

காது நன்றாகக் கேட்கிறது, வலிப்பு இல்லை, தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறான், தூக்கமும் சரி என்றால், அப்போது ஏடிஎச்டி பற்றிப் பேசலாம். அதைச் சொல்ல இன்றுவரை எந்த மெஷினும் கிடையாது. வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடத்திலாவது, ஆறு மாதமாவது, 12 வயதுக்கு முன்பே தொடங்கி இருக்கிறதா என்று கேட்டுத்தான் குழந்தைகள் மனநல மருத்துவர் முடிவு செய்வார். உங்களுக்கும் டீச்சருக்கும் தனித்தனியாகக் கேள்வித்தாள் தருவார்கள். ஏடிஎச்டியாகவே இருந்தாலும் அதற்குச் சோதித்துப் பார்த்த வழிகள் இருக்கின்றன, மருந்து உட்பட. யார் வளர்ப்பையும் குறை சொல்ல வேண்டியதில்லை, முக்கியமாக உங்களை நீங்களே.

அந்த மையத்தில் போய்ச் சண்டை போட வேண்டாம். இரண்டே கேள்வி கேளுங்கள்: எத்தனை 'டீ' சத்தத்தைச் சராசரியில் சேர்த்தீர்கள், எந்த வயதுப் பிள்ளைகளின் அளவோடு ஒப்பிட்டீர்கள்? பதில் சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அலைப் படத்தின் நகலையும் கேளுங்கள். சிட்டிங்குக்கு முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

காது டெஸ்டுக்கு நீங்கள் புதிதாக யாரையும் தேடி அலைய வேண்டாம். பாப்பாவுக்கு மேப்பிங், அதாவது கருவியின் சத்த அளவைச் சரிசெய்வது, பார்க்கிற அதே ஆடியாலஜிஸ்ட் போதும், உங்கள் குடும்பக் கதையும் அவருக்குத் தெரியும். பியூர் டோன் ஆடியோமெட்ரி, செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். பையனுக்குத் தூக்க மருந்து தேவையில்லை, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தினால் போதும், அரை மணி நேர வேலை. அடுத்த மேப்பிங் தேதி இரண்டு வாரத்துக்குள் இருந்தால் அன்றைக்கே அவனையும் கூட்டிப் போங்கள். தள்ளி இருந்தால் காத்திருக்காமல் போன் செய்து முன்னதாகக் கேளுங்கள். ஒரு நாள் பள்ளிக்கு லீவு போட்டால் டீச்சர் கோபிக்க மாட்டார். முடிவு எதுவானாலும் தாளோடு மறுபடி எனக்கு எழுதுங்கள்.